முக்கோணம் என்றால் மரக்கறி

போன வாரம் குடும்பத்தோடு சுற்றுலா போய் வந்தோம். இரண்டு பகல், ஒரு இரவு. எங்கே என்று கேட்கிறீர்களா?

தம்புள்ளைக்கு.

நீங்கள் சிரிப்பது கேட்கிறது. மாத்தளையில் இருப்பவர்கள் தம்புள்ளைக்குச் சுற்றுலா போவார்களா? அதுவும் எங்கள் வீட்டுக்காரர் டவுனில் மரக்கறிக் கடை வைத்திருப்பவர். வாரத்தில் மூன்று நாள் தம்புள்ளை மொத்தச் சந்தைக்குப் போய்க் கரட்டும் கோவாவும் ஏற்றிக்கொண்டு வருகிற மனிதர். அவருக்கு இது சுற்றுலாவா, ஓவர்டைமா?

செய்தியைக் கேட்டதும் மகன் கவின் தோளைக் குலுக்கினான். பதினைந்து வயது. எதைச் சொன்னாலும் தோள்தான் முதலில் பதில் சொல்லும், வாய் அப்புறம்.

"அங்க போய் என்ன செய்யிறது? கோவா மூட்டையோட நின்னு செல்ஃபி எடுக்கிறதா?"

அவன் கேட்டது பாசிக்குடா. கடல், மணல், வாழைப்பழ வடிவத்தில் ஒரு படகு... எனக்கும் ஆசைதான். ஆனால் கொடி ஏறிவிட்டதே, என்ன செய்வது?

என் பத்திரிகைப் பத்தியைப் புதிதாக வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் வீடு அலுவிகாரைக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம். தெரு முனையில் ஒரு சின்ன மாரியம்மன் கோயில். டவுனிலிருக்கிற பெரிய கோயிலைப் போலத் தேரெல்லாம் கிடையாது. ஒரு சப்பரம், பத்து நாள் திருவிழா, கடைசி நாள் அன்னதானம். கோயில் சின்னது, சட்டம் பெரிது. கொடி ஏறினால் இறங்கும்வரை வீட்டில் கவுச்சி கிடையாது. மீன், இறைச்சி, கருவாடு, முட்டை... ஒன்றும் ஆகாது. ஊர் எல்லையைத் தாண்டி இராத்தங்கக் கூடாது. வேண்டுதல் வைத்தவர்களுக்கு இந்தச் சட்டம் இரண்டு மடங்கு இறுக்கம். நான் வேண்டுதல் வைத்திருந்தேன். எனக்கு மட்டுமல்ல, வீட்டிலுள்ள நான்கு பேருக்கும் சேர்த்து. மற்ற மூவரையும் கேட்டேனா என்று கேட்காதீர்கள்.

எல்லாம் மகள் அபிராமிக்காக. பத்தொன்பது வயது. ஏ.எல் பரீட்சையை இரண்டாம் தடவை எழுதிவிட்டு, பெறுபேற்றுக்காகக் காத்திருந்தாள். செகண்ட் ஷை என்பார்கள் பிள்ளைகள். முதல் தடவை ஒரு C, இரண்டு S. பாஸ்தான், ஆனால் பல்கலைக்கழகம் கிடைக்காது. அன்றைக்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியவள், சாப்பிடவும் வகுப்புக்குப் போகவும் மட்டும் வெளியே வந்தாள். கேட்ட கேள்விக்கு "ம்". கேட்காத கேள்விக்கு அதுவும் இல்லை. ஒரு வருடம். வீட்டில் ஒரு பிள்ளை சிரிக்கும் சத்தம் நின்றுபோனால் எப்படி இருக்கும் என்று பெற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்குப் பயமாக இருந்தது. இந்த முறையும் கிடைக்காவிட்டால் அந்தக் கதவு திறக்குமா என்று பயமாக இருந்தது.

பெறுபேறு இந்த வாரம் வருமாம், இல்லை அடுத்த வாரமாம் என்று ஆளுக்கொரு கதை. வீட்டுக்காரர்தான் சொன்னார். "ரிசல்ட் வர்ற வரைக்கும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கணுமா? எங்கயாச்சும் போயிட்டு வருவோம். அந்தப் புள்ள ரூமை விட்டு வெளிய வரட்டும்."

சரி, போகலாம். ஆனால் எல்லை?

கவினைக் கூட்டிக்கொண்டு பூசாரியிடம் போனேன். அவர் திருநீற்றுத் தட்டைத் துடைத்துக்கொண்டே, "கொடி ஏறினா எல்லை தாண்டித் தங்கக் கூடாதும்மா, தெரியும்ல?" என்றார்.

"எந்த எல்லைங்க ஐயா?" என்றான் கவின்.

"எந்த எல்லைன்னா? ஊர் எல்லை."

"அதான், ஊருன்னா தெருவா, டவுனா, மாவட்டமா?"

பூசாரி தட்டைக் கீழே வைத்தார். இத்தனை வருடத்தில் யாரும் அவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை போலிருக்கிறது. நெடுநேரம் யோசித்தார். "சரி, நாம ஓட்டுப் போடுற மாவட்டம் வரைக்கும்னு வச்சுக்குவோம்," என்று தீர்ப்பளித்தார்.

கவினுக்கு முகமெல்லாம் வெற்றி. வீட்டுக்கு வந்து ஃபோனில் வரைபடத்தை விரித்துப் பார்த்தவன் அமைதியாகிவிட்டான். மாத்தளை மாவட்டத்தில் கடல் இல்லை. அதை அவன் பாடசாலையில் படித்திருக்க வேண்டும்.

அப்படித்தான் தம்புள்ளை வந்து சேர்ந்தது. டவுனைத் தாண்டி, குளத்தைப் பார்த்தபடி ஒரு ஹோட்டல். நீச்சல் குளமும் உண்டு. போனதோ எங்கள் கடை வேனில். எவ்வளவு கழுவினாலும் அதில் லீக்ஸ் வாசம் போகாது. ஏ-ஒன்பது வீதியில் போகும்போது எதிரே வந்த லொறிக்காரர்கள் எல்லாம் வீட்டுக்காரரைப் பார்த்து ஹார்ன் அடித்தார்கள். இன்றைக்கு ஏன் பெண்டாட்டி பிள்ளைகளையும் சந்தைக்குக் கூட்டிப் போகிறார் என்று நினைத்திருப்பார்கள்.

ஹோட்டல் வாசலில் செக்யூரிட்டிக்காரர் வேனை மேலும் கீழும் பார்த்தார். கதவில் எங்கள் கடைப் பெயர், அதற்குப் பக்கத்தில் ஒரு பெரிய பூசணிக்காய்ப் படம். மரக்கறி இறக்குவது பின் கேட்டில் என்று சிங்களத்தில் மரியாதையாகச் சொல்லி வழி காட்டினார்.

வீட்டுக்காரர் என்ன செய்தார் தெரியுமா? பழக்க தோஷம். பேசாமல் வேனைத் திருப்பிப் பின் கேட்டுக்கே ஓட்டினார். சமையலறை வாசலில் நிறுத்திய பிறகுதான் அவருக்கே நினைவு வந்தது. நாங்கள் நான்கு பேரும் பயணப் பைகளோடு வெங்காய மூட்டைகளுக்கு நடுவே இறங்கினோம். அபிராமியின் உதட்டோரம் லேசாக அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் நான் குறித்து வைத்துக்கொண்டேன்.

பகல் சாப்பாடு பஃபே. நீளமான மேசை. இறால், பொரித்த மீன், கோழி, என்னவோ ஒரு சிவப்புச் சட்டியில் கணவாய். கடல்தான் இல்லை, கடலில் உள்ளதெல்லாம் இருந்தது. கவின் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு சட்டியாகப் பார்வையிட்டான்.

"மியூசியம் மாதிரி. பார்க்கலாம், தொடக் கூடாது."

நான் சாப்பிட்டேனோ இல்லையோ, பிள்ளைகளின் தட்டுகளைக் கழுகு மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தேன். குறிப்பாகக் கவினின் தட்டை. கொடி ஏறிய நாளிலிருந்து அவன் என்னைக் கிண்டல் பண்ணியபடியே இருந்தான். "இன்னைக்கு அம்மனோட மெனு என்னம்மா? பருப்பா, இல்ல பருப்பா?" இப்படிப்பட்டவனை நம்பலாமா? கத்தரிக்காய் மோஜுவை எடுத்தபோதுகூட, "அதுல நெத்தலி கிடக்கான்னு பாரு," என்று மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தேன்.

சாயங்காலம் நான்கு மணி. இன்றைக்குப் பெறுபேறு வருமாம் என்று யாரோ சிநேகிதி அனுப்ப, அபிராமி ஃபோனோடு அறைக்குப் போய்விட்டாள். வீட்டுக்காரர், "சந்தைப் பக்கம் ஒரு எட்டு பார்த்துட்டு வர்றேன்," என்று கிளம்பிவிட்டார். தடுத்திருக்கலாம். ஆனால் மீனைத் தண்ணீருக்குள் போகாதே என்று சொல்ல முடியுமா? கவின் நீச்சல் குளத்தில். நான் வராந்தாவில் தனியாக. எதிரே தேநீர். பக்கத்தில் ஒரு தட்டில் ரொட்டி.

இங்கே நான் ஒரு சட்டத்தை விளக்க வேண்டும். எங்கள் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைகளில் எல்லாம் ஒரே மாதிரி. உள்ளே மரக்கறி வைத்து மடித்த ரொட்டி என்றால் முக்கோணம். மீன் ரொட்டி என்றால் நீளமாக உருட்டியது. யாரிடமும் கேட்க வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தே எடுக்கலாம். விரத காலத்தில் நாங்கள் உயிர் வாழ்வதே இந்த முக்கோணத்தை நம்பித்தான். என் நாற்பத்தாறு வயதில் ஒரு முக்கோணமும் என்னை ஏமாற்றியதில்லை.

தட்டில் இருந்தவை எல்லாம் முக்கோணம். எடுத்தேன். கடித்தேன்.

மீன்.

உதிர்த்த மீன், உருளைக்கிழங்கு, மிளகு, பச்சை மிளகாய், கருவேப்பிலை. ஹோட்டல்காரர்மேல் தப்பில்லை. அவர்கள் ஊர்ச் சட்டம் வேறு, அவ்வளவுதான். பரிமாறுகிற தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் முக்கோணத்தைப் பார்த்த பிறகு யாராவது கேட்பார்களா?

முதல் கடி தெரியாமல் நடந்தது. அதற்கு அம்மன் முன்னால் கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணத் தயார். இரண்டாவது கடி... தெரிந்துதான். ஏழு நாள் பருப்பு. ஏழு நாள் பூசணிக்காய். வாய் நம் பேச்சைக் கேட்குமா?

(இதையெல்லாம் எப்படித் தைரியமாக எழுதுகிறேன் என்கிறீர்களா? வீட்டுக்காரர் இந்தப் பத்தியை வாசிப்பதில்லை. இந்தப் பேப்பரில் கொத்தமல்லி சுற்றிக் கொடுப்பதோடு சரி.)

நிமிர்ந்தால், எதிரே கவின். தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. தோளில் துவாய். அவன் பார்வை என் முகத்தில் இல்லை, ரொட்டியின் கடித்த ஓரத்தில் இருந்தது. தெரு முனையில் மீன் பொரித்தால் வீட்டுக்குள்ளிருந்தே என்ன மீன் என்று சொல்லக்கூடிய பையன்.

"முக்கோணமா இருந்திச்சுடா," என்றேன்.

தீர்ந்தது, இனி ஆறு மாதத்துக்கு நான் இவன் கையில் என்று நினைத்தேன். அறை சுத்தம் பண்ணு என்று சொல்ல முடியாது. ஃபோனை வை என்று சொல்ல முடியாது. அந்தப் பயத்தில் ஒரு காரியம் செய்தேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. தட்டை அவன் பக்கம் தள்ளினேன்.

"நீயும் ஒன்னு எடுத்துக்கடா. நீந்திட்டு வந்தா பசிக்கும்ல."

"வேணாம்மா."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"அதுக்கில்ல." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். "நான் அக்காவுக்காக விரதம் இருக்கேன்."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. கிண்டல் பண்ணுகிறானோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

"போன கிழமை ஃப்ரெண்டோட பர்த்டேக்குப் போனேன்ல, அங்க கேக்கூடச் சாப்பிடல. முட்டை போட்டிருப்பாங்கன்னு."

ஏழு நாளாகப் பருப்பைக் கிண்டல் பண்ணிய பிள்ளை, கேக்கைத் தொடவில்லையாம். நான் அவன் தட்டுக்குக் காவல் இருந்திருக்கிறேன்.

"ஏன்டா?"

தோளைக் குலுக்கினான். துவாயின் ஓரத்தை முறுக்கினான்.

"போன வருஷமும் கொடி ஏறியிருந்திச்சில்ல. கிளாஸ் முடிஞ்சு வர்றப்ப நான் சிக்கன் கொத்து சாப்பிட்டேன். நீங்க கேட்டப்ப இல்லைன்னு பொய் சொன்னேன். அன்னைக்குத்தானே ரிசல்ட் வந்திச்சு. நான் வீட்டுக்கு வர்றேன், அக்கா அழுதுக்கிட்டு இருக்கா."

குளத்துப் பக்கமிருந்து காற்று வந்தது. என் கையில் ரொட்டி இருந்தது.

"இதையா ஒரு வருஷமா மனசுல வச்சுக்கிட்டு இருந்த?"

மறுபடி தோள்.

அந்தத் தோள் குலுக்கலைப் பற்றி இந்தப் பத்தியிலேயே முன்பு இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். திமிர் என்று எழுதினேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதிலும் அக்கறையில்லை என்று எழுதினேன். நிறையப் பேர் உண்மை உண்மை என்று எனக்குச் செய்தி அனுப்பினீர்கள். நாம் எல்லோரும் சேர்ந்து அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

"அம்மனுக்கு வேற வேலை இல்லையாடா?" என்றேன். "நீ கொத்து சாப்பிட்டன்னு அக்கா பேப்பர்ல மார்க்ஸ குறைப்பாளா?"

"அப்ப எதுக்கும்மா நாம விரதம் இருக்கோம்?"

கேட்டானே ஒரு கேள்வி. பூசாரியை மடக்கிய அதே வாய். பத்தி எழுதுகிறவளுக்கு எதற்கும் பதில் இருக்கும் என்று நினைப்பீர்கள். எனக்கு இருந்தது ஒரு பதில்தான், அதுவும் அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"அவ எழுதி முடிச்சிட்டா. பேப்பரும் திருத்தி முடிச்சிருப்பாங்க. நமக்குச் செய்யிறதுக்கு ஒன்னுமே இல்ல. ஆனா சும்மாவும் இருக்க முடியல. அதுக்குத்தான்டா."

அவன் தலையசைத்தான். ஆனால் கண் என் கையை விட்டு நகரவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த ரொட்டியை நான் இப்போது கீழே வைத்தால் என்ன அர்த்தம்? நான் சொன்னது பொய் என்று அர்த்தம். அவன் கொத்துதான் காரணம் என்று அர்த்தம். இன்னும் எத்தனை வருடம் அதைச் சுமப்பான்?

மிச்ச ரொட்டியைச் சாப்பிட்டேன். அவன் கண் முன்னால், மெதுவாக, கடைசித் துண்டு வரைக்கும். ஏழு நாள் ஏங்கிய வாய்க்கு ருசியே தெரியவில்லை.

"ரிசல்ட் நல்லா வந்தா அது அக்கா படிச்சதால. வராட்டி அதுக்கு நீயும் காரணமில்ல, நானும் காரணமில்ல. விளங்குதா?"

"ம்."

நன்றாகத்தான் பேசினேன். பேசி முடித்ததும் ஒரு பயம் பிடித்துக்கொண்டது பாருங்கள்... மகனுக்குச் சொன்னது வேறு, எனக்குள் ஓடியது வேறு. தாயே, முதல் கடி தெரியாமல், இரண்டாவது கடி என் தப்பு, மிச்சமெல்லாம் இந்தப் பையனுக்காக, கணக்கை என்மேல் எழுது, அந்தப் பெண்மேல் எழுதாதே. இரவுச் சாப்பாட்டில் வெறும் தயிரும் பழமும்தான் எடுத்தேன். சந்தையிலிருந்து திரும்பிய வீட்டுக்காரர், "எப்பவும் இல்லாத பக்தியா இருக்கே," என்றார். கவின் தண்ணீர் குடிக்கிற சாக்கில் டம்ளருக்குள் முகத்தை மறைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை. இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல். அபிராமி கடைசியாக வந்தாள். ஃபோனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். இடியப்பம் ஒன்றை எடுத்துத் தட்டில் போட்டாள்.

"வந்திருச்சு," என்றாள்.

"பார்த்தியா?" என்றார் வீட்டுக்காரர்.

"ம். ரெண்டு A, ஒரு B."

வீட்டுக்காரர் கை இடியப்பத்தோடு அப்படியே நின்றது. "இன்டெக்ஸ் நம்பர் சரியாப் போட்டியா?"

"மூனு தரம் போட்டுப் பார்த்துட்டேன்ப்பா. மாவட்ட ரேங்க்கும் நல்லா இருக்கு." அப்புறம் என்னைப் பார்த்தாள். "B எதுக்கு தெரியுமாம்மா? தமிழுக்கு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சத்தமாக. ஒரு வருடமாக எங்கள் வீட்டில் இல்லாமலிருந்த சத்தம், ஏதோ ஒரு ஹோட்டல் சாப்பாட்டு மேசையில் கேட்டது. வாராவாரம் தமிழில் எழுதுகிறவளின் மகளுக்குத் தமிழில் B. எனக்கு மானம் போனால் என்ன? வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு அழுதேன். வீட்டுக்காரர் எழுந்து, பரிமாறிக்கொண்டிருந்த தம்பியின் கையைப் பிடித்து, மகளுக்குக் கெம்பஸ் கிடைக்கப் போகுது என்று சிங்களத்தில் சொன்னார். அந்தத் தம்பிக்கு எங்களை யார் என்றே தெரியாது. இரட்டிப்பு மகிழ்ச்சியோடு இன்னொரு தட்டு இடியப்பம் கொண்டுவந்து வைத்தார்.

கவின் மட்டும் அக்காவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். நீளமாக ஒரு மூச்சு விட்டான். தோள் இரண்டும் மெல்லக் கீழே இறங்கின. குலுக்காமல் சும்மா இருக்கும் அந்தத் தோள்களை எத்தனை நாளைக்குப் பிறகு பார்க்கிறேன்.

அபிராமி நீச்சல் உடுப்பு கொண்டுவரவில்லை. சுரிதாரோடே தண்ணீருக்குள் குதித்தாள், தம்பியையும் இழுத்துக்கொண்டு. திரும்பி வரும் வழி முழுக்க வேனில் பாட்டு. லீக்ஸ் வாசம் யாருக்கும் தெரியவில்லை.

கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

அடுத்த நாள் காலை எல்லோரும் எழும்புவதற்கு முன், சத்தம் காட்டாமல் கோயிலுக்கு நடந்தேன். ரொட்டிக்கும் ரிசல்ட்டுக்கும் சம்பந்தமில்லை, மகனிடம் சொன்னேன்தான். அதையெல்லாம் நான் இப்போதும் மறுக்கவில்லை. ஆனால் வாக்குக் கொடுத்தது நான், மீறியதும் நான். அம்மன் முகத்தில் இனியும் முழிக்க வேண்டாமா? ஒரு தேங்காய் உடைத்துவிட்டால் மனசு லேசாகும். கவினுக்குத் தெரியாமல் முடித்துவிட வேண்டும். தெரிந்தால் நான் பேசிய பேச்செல்லாம் என்ன ஆகும்?

கோயில் வாசலில் தேங்காய் விற்கிற பாக்கியம் அக்கா, என்னைக் கண்டதும் பலகைக்கு அடியில் குனிந்து ஒரு தேங்காயை எடுத்து நீட்டினார்.

"இந்தாங்க."

"நான் இன்னும் கேக்கவே இல்லியேக்கா?"

"கவின் தம்பி நேத்துச் சாயங்காலமே வந்து, உங்க பேரைச் சொல்லி ஒரு காய் ஒடச்சிட்டுப் போச்சு. போறப்ப, அம்மாவும் காலையில வருவாங்க, இதை அவங்களுக்கு வைங்கன்னு, தட்டிப் பார்த்து அதுவே ஒன்னு எடுத்து வச்சிட்டுப் போச்சு."

வாங்கிப் போய் உடைத்தேன். ஒரே அடியில் சரிபாதியாக விண்டது. பையனுக்குத் தேங்காய் பார்க்கத் தெரிந்திருக்கிறது... அம்மாவையும்.